வெள்ளை அடிக்காத சுவர்

சொக்கலிங்கம் தன் பங்கு வீட்டை இடித்தபோது அவனுடைய சித்தப்பா வயிரவன் மதுரையில் கண் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவருடைய ஒரே மகள் மீனலோசனி. கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக் காரைக்குடிக்குக் கூட்டிவந்து இறக்கியபோது வீட்டில் பாதி இல்லை.

அது ஒரே வீடு. முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் அடுப்படி வாசலுமாக நீண்டு கிடப்பது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் அதை நீளவாக்கில் இரண்டாக்கி, கிழக்குப் பாதி அண்ணனுக்கும் மேற்குப் பாதி தம்பி வயிரவனுக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். கோடு பத்திரத்தில்தான் இருந்தது, வீட்டில் இல்லை. நடுவில் வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தேக்குத் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். ஒரு பாதியின் உத்தரம் மறு பாதியின் தூணில்தான் தலை வைத்திருந்தது. அண்ணன் காலமான பிறகு கிழக்குப் பாதி அவர் மகன் சொக்கலிங்கத்துக்கு வந்தது. ஊரில் எல்லோருக்கும் அவன் சொக்கு. அவன் தன் பாதியை உருவி எடுத்தபோது உத்தரங்கள் கோட்டோடு அறுபட்டன. வயிரவன் பக்கத்துக் கூரை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. கோட்டின் மேலேயே நின்ற பொதுத் தூண்களையும் அவன் விட்டு வைக்கவில்லை.

சித்தப்பா மேல் சொக்குவுக்குப் பழைய கோபம் ஒன்று இருந்தது. ஆண் பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பையனைத் தத்தெடுத்துப் பிள்ளை கூட்டிக்கொள்வது அவர்கள் சமூகத்தில் வழக்கம். தன் இரண்டாவது மகன் அக்ஷயைக் கொடுக்க சொக்கு தயாராக இருந்தான். அப்படிக் கூட்டியிருந்தால் வீடு முழுக்க ஒரே கைக்கு வந்திருக்கும். வயிரவன், எனக்கு மீனா இருக்கிறாள், வேறு பிள்ளை எதற்கு என்று சொல்லிவிட்டார். உறவுக்காரர்கள் நிறைந்த கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னார். சொக்கு அன்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

வயிரவன் மகளோடு கோயம்புத்தூருக்குப் போக மறுத்தார். திறந்து கிடந்த பக்கத்தில் தகரம் அடித்து, தன் அறையிலேயே கட்டில் போட்டுக்கொண்டார். மீனலோசனி அப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வார இறுதிகளில் வந்து போனாள். ஐப்பசி மழையில் தகரம் ஒரு பக்கம் பிய்ந்து, சாரல் கட்டில் வரைக்கும் அடித்தது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் விடாமல், மார்கழி பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

பங்காளி முறையில் கொள்ளி வைத்தவன் சொக்கு. சட்டையில்லாமல், ஈர வேட்டியோடு, தலை குனிந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் அவளிடம் வந்தான்.

“கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு வளவுல என்ன வேலை மீனா? உன் பங்கை எங்கிட்டயே விட்டுரு. நாளைக்கு மழையில இடிஞ்சு விழுந்து யாராச்சும் செத்துப் போனா பாவம் உன்னையத்தான் சேரும்.”

பக்கத்தில் நின்றவர்கள் அதை நல்ல யோசனை என்றே நினைத்தார்கள். யாராச்சும் செத்துப் போனா என்று அவன் சொன்ன சொல் மட்டும் மீனலோசனியின் காதில் நின்றுவிட்டது. செத்துப்போனவரை எரித்த கையைக்கூட அவன் இன்னும் கழுவியிருக்கவில்லை.

சொக்கு தன் பங்கில் நாலு மாடி ஓட்டல் கட்டினான். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனி வரைந்து கொடுத்தது. தெருப் பக்கம் மட்டும் பழைய வீடு மாதிரி சிமெண்டில் வளைவும் பூவேலையும் வைத்து, உள்ளே முழுக்க கான்கிரீட். மேற்குப் பக்கம் தரையிலிருந்து உச்சி வரைக்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெருவின் ஓட்டுக் கூரைகள் வரிசையாகத் தெரியும், அதற்கப்பால் கோயில் கோபுரம். கட்டில், குளியலறை எல்லாம் அந்தக் காட்சியை நோக்கியே வைக்கப்பட்டன. வயிரவன் பங்கு ஓட்டு வீடுதானே, அதுவும் விழப்போகிற வீடு, அதற்கு மேல் எது எழும்பப் போகிறது என்பது அவர்கள் கணக்கு. அரசாங்கத்துக்குக் கொடுத்த வரைபடத்தில் எல்லையில் விடுவதாகக் காட்டிய இடத்தையும் தின்று, ஒரு ஆள் நடக்கிற சந்து மட்டும் விட்டுக் கட்டினான் சொக்கு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மீனலோசனி காரைக்குடிக்கு வந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் வாடகைக்குக் குடியேறினாள். கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, மகள் வெளிநாட்டில். பங்கை விற்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஒருநாள் அவள் அந்த ஓட்டலுக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. முன்கூடத்தில் வளவின் தூண்கள் வரிசையாக நின்றன. மெருகு போட்டுப் பளபளவென்று இருந்தன. எதையும் தாங்கவில்லை, மேலே பொய்க்கூரைக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. அவள் காப்பி சொன்னாள். மேல்மாடியில் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது, காட்சி நன்றாக இருக்கும் என்று பரிமாறுகிறவன் அழைத்துப் போனான். கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். அப்பச்சி என்று அவள் கூப்பிட்ட அப்பா படுத்திருந்த அறை கூரையில்லாமல் தெரிந்தது. கட்டில் போட்டிருந்த இடத்தில் ஆமணக்கு முளைத்திருந்தது. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் எழுந்து வந்து, மரியாதையாகச் சிரித்துவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மீனலோசனி காப்பியை முழுக்கக் குடித்தாள். கீழே இறங்கி வரும்போது என்ன செய்யப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மகாலட்சுமி ஒக்கூர்க்காரி. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் கட்டடக்கலை படித்து, காரைக்குடியில் ஒரு சிமெண்டுக் கடையின் மாடியில் ஆபீஸ் வைத்திருந்தாள். பள்ளத்தூரில் பாதி விழுந்த ஒரு பெரிய வீட்டை அவள் ஆஸ்பத்திரியாக்கிக் கொடுத்திருந்தாள். விழுந்த பாதியைப் பழையது போலச் செய்து ஏமாற்றாமல், இரும்பும் செங்கல்லுமாகப் புதிதாகவே கட்டி, பழைய பாதியோடு ஒட்டியிருந்தாள். மீனலோசனி அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

என்ன கட்ட வேண்டும் என்று மகாலட்சுமி கேட்டாள்.

“நாலு மாடி ஒசரத்துக்கு ஒரு சுவர். அங்குட்டு இருந்து பாத்தா வானம் தெரியக்கூடாது.”

“சுவரு வைக்க என்னைய எதுக்குத் தேடி வாரீக ஆச்சி? கொத்தனார் போதுமே.”

“வெறுஞ்சுவர் வச்சா வன்மம்னு சொல்லி நிப்பாட்டிருவாக. வீடா கட்டுனா யாரும் கை வைக்க முடியாது. அதுக்குத்தான் நீ.”

மகாலட்சுமி முடியாது என்று சொல்லத்தான் இருந்தாள். ஆனாலும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். வந்து பார்த்தாள். அறுபட்ட உத்தர முனைகளையும், ஆமணக்கையும், தலைக்கு மேலே எழும்பி நின்ற கண்ணாடியையும் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து துண்டு கட்டிய ஒருவர் அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். அந்த ஓட்டலே இல்லாமல் போனாலும் இந்தக் கட்டடம் இருப்பதற்கு ஒரு நியாயம் வேண்டும். அப்படியானால் வரைகிறேன் என்றாள். மீனலோசனி சரி என்றாள். அவளுக்கு அதில் ஒன்றும் குறையவில்லை.

வேலைக்குப் போகிற பெண்களுக்கு விடுதி என்று முடிவாயிற்று. நர்சுகள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள், பாங்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று தங்க இடம் தேடுகிற பெண்கள் ஊரில் ஏராளம். தெருப் பக்கத்து முகப்பை மகாலட்சுமி அப்படியே பழுது பார்த்தாள். ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் பழையபடி வந்தன. தெருவில் நடக்கிறவர் கண்ணுக்குப் புதிதாக எதுவும் படாது. உள்ளே போனால், கிழக்கு எல்லையை ஒட்டி ஒரே அறை அகலத்துக்கு ஒடுக்கமாக நாலு மாடி. எல்லா அறையும் மேற்குப் பார்த்து, கீழே விட்ட புது முற்றத்தை நோக்கித் திறக்கும். கிழக்கில் ஒரு ஜன்னல்கூட இல்லை. அந்தப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெறும் சுவர்.

எல்லையிலிருந்து கொஞ்சம் உள்வாங்கினால் நடுவில் வெளிச்சம் இறங்கும், இரண்டு கட்டடத்துக்கும் காற்று வரும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மீனலோசனி ஒரு அடிகூட விட மாட்டேன் என்றாள்.

வீரபாண்டியன் என்ற மேஸ்திரி வேலையை எடுத்தார். அஸ்திவாரம் போட்டபோது சொக்கு கவலைப்படவில்லை. செப்பனிட்டுக் காட்டி நல்ல விலைக்குத் தள்ளப் பார்க்கிறாள் என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்தான். இரண்டாம் மாடிக்குச் சுவர் எழும்பியபோது வந்தான். வெயிலில் குடை பிடித்து நின்ற மீனலோசனி அவனுக்கு நாற்காலி போடச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

“இன்னும் எம்புட்டு ஒசரம் போகப் போறே?”

“நீங்க போன ஒசரம் போவேன் அண்ணே. அதுக்கு மேல ஒரு முழம்.”

“சித்தப்பா இருந்திருந்தா இப்பிடிச் செய்ய விட்டிருப்பாரா?”

“அவுக இல்லையே.”

அவன் கோர்ட்டுக்குப் போனான். மீனலோசனியின் வக்கீல் செம்மலை அலட்டிக்கொள்ளவே இல்லை. தலைமுறையாக இருந்த ஜன்னல் என்றால் வேறு பேச்சு, நேற்று வைத்த ஜன்னலுக்குப் பக்கத்து மனை வெளிச்சம் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதாடினார். எல்லையில் விட வேண்டிய இடம் எங்கே போயிற்று என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் சொக்கு பக்கத்தில் வழக்கைத் தள்ளிப்போடப் பார்த்தார்கள். தடை கிடைக்கவில்லை. சுவர் ஏறியது.

ஓட்டலின் ஒவ்வொரு மாடியாக இருட்டு ஏறிக்கொண்டே போயிற்று. முதலில் கீழ் அறைகளில் பகலில் விளக்குப் போட்டார்கள். பிறகு நடு மாடியில். கடைசியில் சாப்பாட்டுக் கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் செங்கல் வந்து நின்றது. காட்சிக்காக அறை எடுத்தவர்கள் கையை நீட்டினால் தொடலாம் போல ஒரு சுவரைப் பார்த்துவிட்டு, இணையத்தில் திட்டி எழுதிவிட்டுப் போனார்கள். அதைப் படிக்கிறவர்கள் வேறு ஓட்டலுக்குப் போனார்கள். நல்ல ஓட்டலுக்கா காரைக்குடியில் பஞ்சம்?

மீனலோசனி அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள். பல வருஷமாக இல்லாத தூக்கம். சொக்குவின் விளம்பரப் பலகையில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால்கூட அதைக் கவனித்தாள். தெருவில் யாராவது ஐயோ பாவம் என்று அவனைப் பற்றிச் சொன்னால் அங்கேயே நின்று கேட்டுவிட்டுப் போனாள். தனக்கு இது இவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

சுவர் முடிந்து பூச்சு வேலை தொடங்க இருந்த சமயத்தில் சொக்குவின் மனைவி சாலா வந்தாள். வளவில் எல்லோரும் ஒன்றாக இருந்த காலத்தில் சாலா மருமகளாக வந்தவள்; மீனலோசனி கல்யாணமாகிப் போன அன்று அழுதவள். அண்ணன் மனைவி என்ற முறையில் மீனலோசனி அவளை அண்ணமிண்டி என்றுதான் கூப்பிடுவாள். வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், பலகாரம் வைத்தாள். சாலா எதையும் தொடவில்லை. சுவரை இடிக்கச் சொல்லி நான் வரவில்லை என்றாள். கட்டினது கட்டினதாகவே இருக்கட்டும்.

“வெள்ளை மட்டும் அடிச்சு விடு மீனா. வெள்ளையா இருந்தா உச்சி வெயில் பட்டு அறைக்குள்ள கொஞ்சம் வெளிச்சம் வருமாம். இஞ்சினீயரு சொன்னாக. உனக்கு அதுல ஒரு நட்டமும் இல்ல. உன் அண்ணன் ராத்திரி பகல் எந்நேரமும் லைட்டைப் போட்டு உக்காந்திருக்காக.”

மீனலோசனிக்கு மகாலட்சுமி சொன்னது நினைவில் இருந்தது. சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதாகத்தான் வரைபடத்திலேயே இருக்கிறது. சும்மா இருந்தாலே சாலா கேட்டது நடந்திருக்கும்.

“அண்ணன் முன்கூடத்துல நிறுத்தியிருக்காகளே, வளவுத் தூணுக. அதைக் கொண்டாந்து இங்க இறக்கச் சொல்லுங்க அண்ணமிண்டி. அப்புறம் பேசுவோம்.”

சாலா எழுந்து போனாள். மீனலோசனி அவன் செய்ய மாட்டான் என்றே நினைத்தாள். ஆனால் ஒரு வாரம் போவதற்குள் ஓட்டல் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. முன்கூடத்தின் பொய்க்கூரையைப் பிரித்து, தரைக்கல்லைப் பெயர்த்து, ஒவ்வொரு தூணாக வெளியே எடுத்தார்கள். தெருவே வந்து பார்த்தது. சொக்கு கூடவே நின்று, மூலை அடிபடாமல் சாக்குப் போட்டுக் கட்டச் சொன்னான். டிராக்டர் இரண்டு வீட்டு வாசலுக்கு இடையில் இருந்த சின்னத் தூரத்தைக் கடந்து வந்தது. அவன் பின்னாலேயே நடந்து வந்தான். தன் பங்குத் தூண், பொதுத் தூண் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் இறக்கினான்.

“எல்லாம் சரியா இருக்கா பாத்துக்க” என்றான்.

மீனலோசனி பார்த்துக்கொண்டாள். புது முற்றத்தைச் சுற்றி அவற்றை நிறுத்தச் சொன்னாள். மகாலட்சுமிக்கு அதில் மிகுந்த சந்தோஷம். புதிய கான்கிரீட் தாழ்வாரத்தைப் பழைய தேக்கு தாங்கும்படியாக, ஒவ்வொன்றுக்கும் கீழே கல் வைத்து, மேலே இரும்புத் தொப்பி போட்டு நிறுத்தினாள். அண்ணனும் தங்கையும் இனிப் பேசிக்கொள்வார்கள் என்றுகூட நினைத்தாள். வெள்ளை அடிக்க என்றைக்கு ஆள் ஏற்றலாம் என்று கேட்டாள்.

வெள்ளை வேண்டாம், தார் அடித்துவிடலாம் என்றாள் மீனலோசனி.

மொட்டை மாடியில் ஈரம் இறங்காமல் இருக்க அடிக்கிற கறுப்புத் தார். மழை ஊறாமல் இருப்பதற்கு என்று சொன்னால் யாரும் கேட்க முடியாது.

மகாலட்சுமி அவள் பக்கம் திரும்பினாள். “வாக்குக் கொடுத்திருக்கீக ஆச்சி.”

“அப்புறம் பேசுவோம்னுதான் சொன்னேன். பேசல.”

“கறுப்பு அடிச்சா நம்ம மேல் மாடி அறையெல்லாம் வெந்து போகும். உள்ள இருக்கப் போறது பொம்பளைப் பிள்ளைக.”

“மேல் மாடியில நான் இருந்துக்கிறேன்.”

மகாலட்சுமி அதற்குமேல் வாதாடவில்லை. தன் பொருட்களை எடுத்துக்கொண்டு, மிச்ச வேலைக்கு வீரபாண்டியன் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள். தரைக்கல், கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் எப்படி வர வேண்டும் என்று வீரபாண்டியனிடம் போனில் சொல்லி முடித்துக் கொடுத்தாள். மீனலோசனியோடு பேசவில்லை.

தார் அடித்த நாளில் மீனலோசனி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் கயிற்றுச் சாரத்தில் சந்துக்குள் இறங்கி, ஓட்டல் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக அடித்துக்கொண்டே போனார்கள். எட்டிப் பார்த்தபோது சாப்பாட்டுக் கூடத்தின் உள்ளே சொக்கு நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றி மேசைகள் காலியாக இருந்தன. அவன் தார்ப் பூச்சையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். கையை ஆட்டவோ கத்தவோ இல்லை. சாரம் அடுத்த மாடிக்கு இறங்கியதும் அவனும் ஒரு மாடி இறங்கி, அங்கே போய் நின்றான். அப்படியே தரை வரைக்கும் கூடவே இறங்கினான்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

விடுதி நிரம்பியது. சோணையம்மாள் என்ற கெட்டிக்காரப் பெண் சமையலையும் கணக்குவழக்கையும் பார்த்துக்கொண்டாள். பெண்கள் மாலையில் முற்றத்துத் தூண்களில் சாய்ந்து போன் பேசினார்கள், துணி காய வைத்தார்கள், பிறந்தநாள் கொண்டாடினார்கள். மகாலட்சுமி சொன்னபடி மேல் மாடி அறை சித்திரையில் கொதித்தது. மீனலோசனி ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்தாள். கீழே வந்துவிடுங்கள் என்று சோணையம்மாள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

ஓட்டல் அதற்குப் பிறகு அதிக காலம் தாங்கவில்லை. சொக்கு அதைத் திருப்பூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சாலாவோடு சென்னையில் அக்ஷய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். போகிறபோது சொல்லிக்கொள்ளவில்லை. அவன் போன அன்று மீனலோசனி கோயிலுக்குப் போய் அப்பச்சி பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் ஓட்டலில் மறுபடியும் வேலை நடந்தது. கான்கிரீட்டை அறுக்கிற சத்தம் விடுதிப் பெண்களைத் தூங்க விடவில்லை. யார் வேலை என்று விசாரித்தபோது மகாலட்சுமி என்று தெரிந்தது. முடிந்து திறந்தபோது அவளே வந்து மீனலோசனியைக் கூப்பிட்டாள். விட்டுப்போன பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் மீனலோசனி நின்றுவிட்டாள். கட்டடத்தின் நடுவில் நாலு மாடித் தளத்தையும் சதுரமாக அறுத்து எடுத்திருந்தார்கள். மேலே வானம் தெரிந்தது. வெயில் நேராகத் தரை வரைக்கும் விழுந்தது. அறைகளெல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு, உள்பக்கம் இந்த வெளியைப் பார்த்துத் திறந்திருந்தன. மேற்குப் பக்கத்துக் கண்ணாடியைக் காணோம்; அங்கே செங்கல் வைத்து மூடி, அதை ஒட்டிக் குளியலறைகளை வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு அவளுடைய சுவர் இனித் தேவையும் இல்லை, தொந்தரவும் இல்லை. மேலே ஏதோ ஒரு அறையில் ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இது அண்ணன் இங்க இருக்கும்போதே செஞ்சிருக்கலாமா?” என்று கேட்டாள்.

“செஞ்சிருக்கலாம் ஆச்சி. சுவர் எந்திரிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவுக கேக்கல.”

“நீயாப் போய்ச் சொல்லலையே.”

“நான் உங்க வேலையில இருந்தேன்.” மகாலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வேலையை விட்டப்புறமும் சொல்லல. அது என் தப்புத்தான்.”

மீனலோசனி அன்று சாயங்காலமே சாலாவின் நம்பருக்குப் போன் போட்டு, அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள். சொக்கு போனுக்கு வந்ததும் அவள் நலம் விசாரிக்கவில்லை. ஓட்டலைத் திறந்துவிட்டார்கள், போய்ப் பார்த்தேன் என்றாள். என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“நடுவுல வெட்டி வானத்தைத் திறந்து விட்டிருக்காக அண்ணே. அம்புட்டுத்தான். அப்பச்சி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீங்க இடிச்சீகளே, அதே வளவு மாதிரி. அதை இடிக்காம இருந்திருந்தாலும் பொழைச்சிருப்பீக, திரும்ப வெட்டியிருந்தாலும் பொழைச்சிருப்பீக.”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

“வெளிச்சம் நல்லா வருதா?” என்று கேட்டான்.

“வருது.”

“சரி” என்று சொல்லிப் போனை வைத்தான்.

அப்பச்சிக்காக அவள் சேர்த்து வைத்திருந்த கடைசி அடி அது. மறுநாள் அவளுக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. அவனை இனி என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்தாள்; செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வருஷக்கணக்காகக் காலையில் கண் விழித்ததும் ஓடி வந்த நினைப்பு வரவில்லை. காப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

மாதம் ஒன்று போயிருக்கும். சாலா கூப்பிட்டாள். அவருக்கு ஓட்டலைப் பார்க்க வேண்டுமாம், வேறு எதிலும் நினைப்பே இல்லை, அக்ஷய் காரில் கூட்டி வருகிறான், மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம் என்றாள். உன் வீட்டுக்கு வருவார் என்றோ வர மாட்டார் என்றோ அவள் சொல்லவில்லை. மீனலோசனியும் கேட்கவில்லை.

அன்று அவள் விடுதிச் சமையலறைக்குள் இறங்கினாள். சோணையம்மாளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தானே கோழி வறுத்தாள், ரசம் வைத்தாள், அண்ணனுக்குப் பிடிக்கும் என்று உளுந்துமாவும் கருப்பட்டியும் போட்டுக் கும்மாயம் கிண்டினாள். எதற்காகச் செய்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் வேகவேகமாகச் செய்தாள். முற்றத்தில் மேசை போட்டு இலை வாங்கி வைத்தாள். வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள்.

கார் வந்தது. பக்கத்து வாசலில் நின்றது. வீரபாண்டியன் அப்போது ஓட்டலில் ஏதோ சின்ன வேலையாக இருந்தார். அவர்தான் பிறகு வந்து சொன்னார். சொக்கு தடி ஊன்றி வந்தானாம். ரொம்ப மெலிந்திருந்தானாம். நடு வெளியில் போய் நின்று மேலே அண்ணாந்து பார்த்தானாம். கழுத்து வலிக்கும், உட்காருங்கள் என்று மகன் சொல்லியும் உட்காரவில்லை. வெயில் முகத்தில் நேராக அடித்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படியே நின்றான். அங்கிருந்த பையனிடம் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கேள்வி கேட்டான். பிறகு காரில் ஏறிக்கொண்டான்.

சாலா மட்டும் காரிலிருந்து விடுதி வாசலைத் திரும்பிப் பார்த்ததாக அவர் சொன்னார்.

மீனலோசனி எழுந்து வாசல் வரைக்கும் போனாள். தெரு வெறிச்சென்று இருந்தது. உள்ளே வந்து, ஒரு இலையை மட்டும் போட்டு, தானே பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். மற்றதைச் சாயங்காலம் வருகிற பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கும்படி சோணையம்மாளிடம் சொல்லிவிட்டு, இலையின் முன்னால் கை காயும்வரை உட்கார்ந்திருந்தாள்.